காப்பாற்றப்பட்ட மருந்து

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி நிற்கும் தண்மதி பன்னோக்கு மருத்துவமனையில், மருந்தைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு குழு இருந்தது. யாரிடமிருந்து என்று அதன் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு என்பது முழுப் பெயர். உள்ளே வேலை பார்ப்பவர்கள் வெறுமனே குழு என்பார்கள். அப்படி ஒன்று இருப்பது, தன் மகளுக்கு அந்த மருந்தை எழுதிய செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை கேஷவுக்குத் தெரியாது.

கேஷவ் லிஃப்ட் மெக்கானிக். வண்டலூருக்கும் தாம்பரத்துக்கும் இடையில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் பாதிக்கு அவன்தான் போவான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஆளை வெளியே எடுக்க வேண்டும், பிறகுதான் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டும். இதுதான் அவன் கற்ற வரிசை. எல்லா இடத்திலும் அதே வரிசைதான் என்று முப்பத்தேழு வயது வரை நினைத்திருந்தான்.

மகள் ஸஹானாவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். வெயில் என்று நினைத்தார்கள். மூன்று வயதில்தான் அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. பிறவியிலேயே வருவது. நுரையீரலில் ஊறும் சளி தண்ணீராக இல்லாமல் கோந்து மாதிரி கெட்டியாகிவிடும். அதில் கிருமிகள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகாது. அதனால் காலையிலும் மாலையிலும் அம்மா அனுப்பிரியா மகளைக் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டுவாள். தட்டத் தட்டச் சளி கழன்று வரும். தாம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அனுப்பிரியா, இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தட்டாமல் வேலைக்குப் போனதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சளியை லேபுக்கு அனுப்புவார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ரிப்போர்ட் வரும். அடங்கினால் S, அடங்காவிட்டால் R. முதல் ரிப்போர்ட்டில் பன்னிரண்டு மருந்துக்கும் S. ஸஹானா வளர வளர R வளர்ந்தது. இந்த நவம்பரில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அவளைச் சேர்த்தபோது வந்த ரிப்போர்ட்டில் பதினொரு R, ஒரே ஒரு S.

"எனக்கு எத்தனைப்பா?" என்று ஸஹானா கட்டிலில் இருந்தே கேட்டாள். பரீட்சை மார்க் மாதிரி அவளுக்கு அது பழகியிருந்தது.

"ஒரு S இருக்குடா."

"ஒண்ணு போதும்ல?"

"போதும்," என்றான் கேஷவ்.

நுரையீரல் மருத்துவர் ஈவ்லினுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். அவள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு உடனே அந்த ஒரே மருந்தை எழுதினாள். பதினான்கு நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக. "இது கீழ ஃபார்மசிலயே இருக்கு. ஆனா பூட்டின அலமாரில இருக்கு. குழு சம்மதிக்கணும்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கேஷவைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த வாரம் மருந்து விழிப்புணர்வு வாரமாக இருந்தது கேஷவின் கெட்ட நேரம். வாசலில் கிருமி வடிவத்தில் கோலம் போட்டிருந்தார்கள். முன்கூடத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில், தேவையில்லாமல் மருந்து சாப்பிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவின் அலுவலகம் எங்கே என்று கேட்க வரிசையில் நின்ற கேஷவ், ஏசிக் குளிரில் ஒரு தும்மல் போட்டான்.

உடனே நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து அவன் கையில் காகிதப் பை ஒன்றைத் திணித்தாள். விழாவை முன்னிட்டு மழைக்காலச் சளித் தொகுப்பு. உள்ளே ஒரு சாவி வளையம், ஒரு சானிடைசர், ஐந்து நாளைக்கு இரண்டு விதமான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள். இரண்டின் பெயரும் கேஷவுக்குத் தெரிந்ததுதான். ஸஹானாவின் ரிப்போர்ட்டில் நான்காவது R, ஏழாவது R.

"இதுக்குக் குழு சம்மதிக்க வேணாமாம்மா?" என்று கேட்டான்.

"அது சீரியஸ் கேஸுக்குத்தான் சார். சாதாரணத் தும்மலுக்கு எதுக்குக் குழு?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்து இருமியவரிடம் போனாள்.

மூன்றாம் மாடியில் தர மேலாளர் ஜேசன் அவனை அன்பாக உட்கார வைத்தான். ஜேசன்தான் குழுவின் செயலாளர். அவன் தலைக்குப் பின்னால் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. இடது ஓரத்தில் உயரத்தில் தொடங்கிய சிவப்புக் கோடு, சறுக்கு மரத்தில் குழந்தை இறங்குவது போல இறங்கி, கடைசி ஆறு மாதம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"என்ன தெரியுமா சார் அது? அலமாரி மருந்தோட பயன்பாடு," என்றான் ஜேசன். "ஜூன்லேர்ந்து பூஜ்யம். தென் சென்னையில எந்தப் பிரைவேட் ஹாஸ்பிடல்லயும் இந்தப் பூஜ்யம் கிடையாது."

"என் பொண்ணுக்கு அது வேணும் சார்."

"புரியுது. ஆனா நீங்க சயின்ஸைப் புரிஞ்சுக்கணும். ஒரு மருந்தை யூஸ் பண்ணப் பண்ணத்தான் கிருமி அதுக்குப் பழகிடுது. யூஸே பண்ணலைன்னா எப்பவும் வேலை செய்யும். எங்க அலமாரில இருக்கிற மருந்து இன்னிக்கு நூறு சதவீதம் வேலை செய்யற கண்டிஷன்ல இருக்கு. அதுக்குக் காரணம் என்னன்னா, அது ஜூன்லேர்ந்து யாருக்கும் வேலை செய்யல."

கேஷவ் இதை இரண்டு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒரு லிஃப்ட் தேயாமல் இருக்க யாரையும் ஏற்றாமல் வைத்திருக்கலாம் என்பது மாதிரி பட்டது. ஆனால் எதிரில் இருப்பவர் படித்தவர். அவன் படிவத்தை வாங்கிக்கொண்டான். பதினாறு பக்கம்.

பதினாறையும் நிரப்பி மதியம் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஜேசன் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தான். மற்ற மருந்துகள் ஒவ்வொன்றையும் நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்து அவை தோற்றதற்கான சான்று இணைக்கப்படவில்லை.

"எல்லாத்துக்கும் R-னு ரிப்போர்ட் இருக்கே சார்."

"R-னு சொன்னது லேப். பேஷண்ட் சொல்லலையே."

"பதினொரு மருந்து. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள்னா இருபத்திரண்டு நாள் சார்."

"பரவாயில்லை, அதுவரைக்கும் உங்க அப்ளிகேஷனை ஓப்பன்லயே வச்சிருப்போம்," என்றான் ஜேசன். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர் ஈவ்லின் ஸ்பெஷல் கேஸ்னு லெட்டர் குடுத்தா, இந்த விதியிலேர்ந்து விலக்குக் கேட்டு குழு முன்னாடி வைக்கலாம்," என்றான்.

"குழு எப்போ கூடும்?"

"விழிப்புணர்வு வாரம் முடிஞ்சதும். மெம்பர்ஸ் எல்லாருமே அதுலதான் இருக்காங்க."

அன்று மாலை ஸஹானாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளவுக் கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது. மறுநாள் காலை தொண்ணூற்று ஒன்று. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். விலக்குக் கோரும் கடிதத்தை ஈவ்லின் எழுதிக் கொடுத்தாள். பிறகு இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்குத் தானே போன் செய்தாள். ஒன்றில் படுக்கை இல்லை. இன்னொன்றில், வந்தால் தாங்கள் மறுபடி சளிப் பரிசோதனை செய்வோம், முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். வெளியில் வாங்கி வந்த மருந்தை உள்ளே ஏற்ற மருத்துவமனை அனுமதிக்காது. அனுப்பிரியா இரண்டு வேளை தட்டுவதை நான்கு வேளை ஆக்கினாள். நேரத்தையும் கருவி காட்டும் எண்ணையும் ஒரு ரூல் போட்ட நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை காலை எண் எண்பத்தொன்பது. ஆக்சிஜன் வைத்த பிறகும் எண்பத்தொன்பது. ஸஹானா பேசுவதை நிறுத்தியிருந்தாள். மூச்சு வாங்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

ஈவ்லின் கேஷவை அழைத்துக்கொண்டு ஃபார்மசிக்கு இறங்கினாள். மருந்தாளர் லாசரஸ் ஐம்பது வயதைக் கடந்தவர், தாடி நரைத்தவர். அவர் தலைக்கு மேலே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கேஷவ் முதல் முறையாக அந்த மருந்தைப் பார்த்தான். கை நீட்டினால் எட்டிவிடும்.

"சாவி எங்க லாசரஸ்?" என்றாள் ஈவ்லின்.

"மூணு சாவி டாக்டர். மூணையும் சேர்த்துப் போட்டாத்தான் திறக்கும்."

"தெரியும். எங்க?"

லாசரஸ் தாடியைத் தடவினார். "கோவளத்துக்குப் போயிருக்கு. ரிசார்ட்ல கருத்தரங்கு. நம்ம மருந்துப் பாதுகாப்பு முறையை விளக்க ஒரு கண்காட்சி வச்சிருக்காங்க. அதுல சாவிங்களும் இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

ஈவ்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் ஸஹானாவை விட்டுட்டு வர முடியாது," என்றாள் கேஷவிடம். "குழு மொத்தமும் அங்கதான் இருக்கு. நீங்க போங்க. கையெழுத்து, சாவி, ரெண்டும் வேணும். சாயந்திரத்துக்குள்ள வேணும்."

கேஷவ் வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக, லாரிகளுக்கு நடுவில் பைக்கை விட்டான். கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து கூடைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரிசார்ட் வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார்.

"இன்னா சார், பேட்ஜ் இல்லாம எங்க போய்கினு கீறே?"

"என் பொண்ணுக்கு மருந்து வேணும்ணா. மருந்துச் சாவி உள்ள இருக்கு."

காவலாளி அவன் முகத்தைப் பார்த்தார். தன் கழுத்தில் இருந்த ஊழியர் பேட்ஜைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினார். "போ. கேட்டா ஏசி மெக்கானிக்னு சொல்லு."

அரங்கில் மருத்துவமனையின் இயக்குநரும் குழுத் தலைவருமான டாக்டர் ராஜகோபால் பேசிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் தரச் சான்று வழங்கும் ஆய்வாளர்கள் மூன்று பேர். மேடை ஓரத்தில், கண்ணாடிப் பெட்டியில், வெல்வெட் துணி மேல், மூன்று சாவிகள்.

"ஒரு காலத்தில் மருந்து நோயாளியைத் தேடிப் போனது," என்றார் ராஜகோபால். "பிறகு நோயாளி மருந்தைத் தேடி வந்தார். நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறோம். தேடி வந்தாலும் கிடைக்காத நிலையை உருவாக்கியிருக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. திரையில் சிரிக்கும் குழந்தை ஒன்றின் படம் வந்தது.

"எங்களை ஈவு இரக்கமற்றவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தக் குழந்தையைப் பாருங்கள். இவளுக்காகத்தான் நாங்கள் மருந்தைக் காக்கிறோம். இவள் வளர்ந்து, பெரியவளாகி, நோய்வாய்ப்படும்போது, இந்த மருந்து அலமாரியில் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்குள் எந்தக் குழந்தையும் வந்து அதைச் செலவழித்துவிடக் கூடாது."

இதற்கும் கை தட்டினார்கள். கேஷவ் மேடைப் படியருகே போய் நின்றான். ஜேசன் ஓடி வந்து அவன் தோளில் கை போட்டு, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு தட்டு இறால் வறுவலைக் கொடுத்தான். "கேள்வி நேரத்துல பேசலாம் சார். புரோக்ராம் கெட்டுப்போகக் கூடாது." போன் அதிர்ந்தது. அனுப்பிரியா அனுப்பியது ஒரே எண். 88.

கேள்வி நேரத்துக்கு முன் ஆய்வாளர்களின் தலைவி எழுந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு பட்டியல் ஒன்றைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. நாற்பத்தோராவது இனம் மட்டும் பாக்கி. அவசரக் கோரிக்கைகளைக் குழு எத்தனை மணி நேரத்துல அனுமதிக்குது?"

"நான்கு மணி நேரத்தில்," என்றார் ராஜகோபால் சற்றும் தயங்காமல்.

"ஒரு மாதிரிக் கோப்பு குடுங்க. பார்த்துட்டு டிக் போட்டுடறேன்."

மேடையில் இருந்த குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாகப் பூஜ்யம். எதையும் அனுமதித்திருந்தால்தானே எவ்வளவு நேரத்தில் அனுமதித்தோம் என்று காட்ட முடியும். யாருக்கும் கொடுக்கவில்லை என்ற பெருமைக்கும் உடனே கொடுத்தோம் என்ற பெருமைக்கும் நடுவில் ராஜகோபாலின் முகம் முதன்முறையாக வியர்த்தது.

"கோப்பு இல்லைன்னா சான்று கிடையாது," என்றார் ஆய்வாளர். அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜேசன் குனிந்து இயக்குநரின் காதில் ஏதோ சொன்னான். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி, இறால் தட்டோடு உட்கார்ந்திருந்த கேஷவைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த மருத்துவமனையில் யாரும் அவனை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில், நின்றபடியே, குழு கூடியது. விலக்கு வழங்க இரண்டு நிமிடம் ஆனது. பதினாறு பக்கத்திலும் முத்திரை விழுந்தது. கடைசிப் பக்கத்தை ஜேசன் கேஷவ் முன் வைத்தான். 'கோரிக்கை பெறப்பட்டது: செவ்வாய், காலை 10 மணி. முதல் மருந்து செலுத்தப்பட்டது: செவ்வாய், பிற்பகல் 2 மணி. மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்.' கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

"சார், இன்னிக்கு வியாழக்கிழமை," என்றான் கேஷவ். "மருந்து இன்னும் போடவே இல்லையே."

"போடத்தானே போறோம்," என்றார் ராஜகோபால். இதமான, தகப்பன் மாதிரியான குரல். "தம்பி, தேதி என்கிறது ஆபீஸ் விஷயம். மருந்துதான் உயிர் விஷயம். நீங்க எதுக்காக இங்க வந்தீங்க?"

போன் மறுபடி அதிர்ந்தது. 86.

கேஷவ் கையெழுத்துப் போட்டான். பேனா வழுக்கியது. விரலெல்லாம் இறால் எண்ணெய்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சாவிகளை எடுத்துக் கொடுத்தார்கள். போலிச் சாவிகளை அங்கே வைத்தார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. கேளம்பாக்கம் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தபோது கேஷவ் ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். ஃபார்மசியில் லாசரஸ் மூன்று சாவியையும் திருப்பி, பதினான்கு நாளுக்குமான நாற்பத்திரண்டு குப்பிகளையும் எண்ணி வார்டுக்கு அனுப்பினார். செவிலியர் புஷ்பம் முதல் குப்பியைக் கரைத்து ஏற்றியபோது மாலை ஆறு இருபது. அனுப்பிரியா நோட்டில் எழுதினாள்.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. திங்கட்கிழமை எண் தொண்ணூற்று மூன்று. அடுத்த வாரம் ஸஹானா பக்கத்துக் கட்டில் குழந்தையிடம் உனக்கு எத்தனை R என்று விசாரித்தாள். கேஷவ் வேலைக்குப் போய் வரத் தொடங்கினான். கையெழுத்து விஷயத்தை அவன் அனுப்பிரியாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாள் தானாக வந்தது.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை மருந்து முடிந்ததும் ஜேசன் ஒரு பூங்கொத்தோடு வந்தான். "கங்கிராட்ஸ். கோர்ஸ் முடிஞ்சது. டிஸ்சார்ஜ்."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே," என்றாள் அனுப்பிரியா. "ஆறு டோஸ் பாக்கி." நோட்டைக் காட்டினாள்.

"மேடம், எங்க ரெக்கார்டுல போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாயே ஆரம்பிச்சாச்சு. நாற்பத்திரண்டு டோஸ் போட்டாச்சு. இதுக்கு மேல ஒண்ணு போட்டா ஓவர்டோஸ். நாளைக்குச் சான்று தர்ற விழா. ஓவர்டோஸ் கேஸ் வார்டுல இருக்கக் கூடாது." அவன் கோப்பைத் திருப்பிக் காட்டினான். "உங்க ஹஸ்பண்டே ஸைன் பண்ணியிருக்காரே."

அனுப்பிரியா கோப்பைப் பார்த்தாள். பிறகு கேஷவைப் பார்த்தாள். அவன் அந்த நிமிடம் அடுக்குமாடி எதிலாவது, பதினாலாம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்க விரும்பினான்.

"எண்பத்தாறுன்னு நீ அனுப்பினே," என்றான். "நான் போட்டுட்டேன்."

அவள் நோட்டை மூடினாள். "நானா இருந்தாலும் போட்டிருப்பேன்," என்றாள். "ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

ஈவ்லின் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி இந்த மருந்துக்கும் பழகிவிடும், கடைசி S-ம் போய்விடும் என்று ஜேசனிடம் சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லையே, முழுதாக முடித்துத்தானே நிறுத்துகிறோம் என்றான் அவன். கேஷவ் கீழே போய் ஒரு வெள்ளைத் தாளில், நான் போட்ட கையெழுத்து பொய், மருந்து தொடங்கியது வியாழன் மாலைதான் என்று எழுதினான். விழா ஏற்பாட்டைப் பார்வையிட வந்திருந்த ஆய்வாளர் தலைவியிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு முழுதும் படித்தார்.

"நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா சான்று அச்சாகிடுச்சு. அச்சானதுக்கு அப்புறம் வர்ற உண்மைக்கு எங்க படிவத்துல கட்டம் இல்ல." தாளை மடித்து அவனிடமே கொடுத்தார்.

அவன் திரும்பி வந்தபோது செவிலியர் புஷ்பம் வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இருபது வருட அனுபவம் உள்ளவள், அதிகம் பேசாதவள். உள்ளே ஆறு குப்பிகள் இருந்தன.

"டாக்டர்," என்றாள் ஈவ்லினிடம். "நாற்பத்திரண்டும் போட்டாச்சுன்னு ரெக்கார்டு சொல்லுது. அப்போ இந்த ஆறும் இல்ல."

"இருக்கே," என்றான் கேஷவ்.

"ரெக்கார்டுல இல்ல சார். இல்லாத மருந்துக்கு யார்கிட்ட பர்மிஷன் கேக்கறது? யார் வேணாம்னு சொல்றது?"

ஈவ்லின் புஷ்பத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டாள். அத்தோடு ஸஹானாவும் மருத்துவமனையில் இல்லாமல் போனாள். எட்டாம் எண் கட்டில் காலி என்று கணினியில் பதிவானது. இல்லாத குழந்தை, காலியான கட்டிலில், இல்லாத மருந்தை அன்று மாலை ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டது. அனுப்பிரியா வழக்கம் போல நோட்டில் எழுதினாள்.

புதன்கிழமை காலை, முப்பத்தொன்பதாவது டோஸ் சொட்டிக்கொண்டிருந்தபோது, மாலை போட்ட ராஜகோபாலும் ஆய்வாளர்களும் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். புஷ்பத்துக்குத் திரை இழுக்கக்கூட நேரமில்லை. கேஷவ் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றான். யாராவது அந்தக் குழாயைப் பிடுங்கினால் என்ன செய்வது என்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. கையைப் பிடிப்பான் என்பது மட்டும் தெரிந்தது.

ஆய்வாளர் தலைவி எட்டாம் கட்டிலருகே நின்றார். ஸஹானாவைப் பார்த்தார். சொட்டும் பாட்டிலைப் பார்த்தார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"எட்டு, காலி," என்று படித்தார்.

"காலி," என்றான் ஜேசன். அவன் பார்வை ஸஹானாவின் மேல் ஒரு கணம் நின்று, சுவருக்குப் போனது. குழந்தை இருக்கிறது என்று சொன்னால் கோப்பு பொய். கோப்பு பொய் என்றால் கீழே காத்திருக்கும் விழா இல்லை.

ராஜகோபால் பக்கத்தில் வந்து குனிந்தார். "படுக்கை விரிப்பு சுத்தமா இருக்கு," என்றார்.

ஸஹானா அவரைப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள். யார் காதிலும் அது விழவில்லை. ஆய்வாளர் டிக் போட்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். கேஷவ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கடைசிக் குப்பி இறங்கி முடிந்தது. மூவரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

தண்மதிக்குத் தரச் சான்று கிடைத்தது. வரைபடத்தில் ஒரு குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் மருந்து கிடைத்ததைக் குறிக்கும் சின்னப் புள்ளி சேர்ந்தது. பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால் பதிவேடுகளில் குழப்பம் ஏற்படுவதாகக் குழு தன் அடுத்த கூட்டத்தில் வருத்தத்துடன் குறிப்பிட்டு, வார்டுகளில் உள்ள சுவர்க் கடிகாரங்களை எல்லாம் அகற்றத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைப் படித்த அன்றே ஈவ்லின் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். மேல்படிப்புக்கு வேறு ஊர் போய்விட்டாள் என்று லாசரஸ் சொன்னார்.

ஜூலையில் ஸஹானாவுக்கு மறுபடி இருமல் கூடியது. இந்த முறை நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். புதிய மருத்துவர் நடுவயதுக்காரர், மெதுவாகப் படிப்பவர். தண்மதியின் டிஸ்சார்ஜ் தாளையும் கோப்பின் நகலையும் விரித்து வைத்துக்கொண்டார்.

"போன தடவை இந்த மருந்து நல்லா கேட்டிருக்கு. நேரத்தோட ஆரம்பிச்சதாலதான். எழுதின அன்னிக்கே, நாலு மணி நேரத்துல. அதையே வச்சு இப்போ பிளான் பண்ணலாம். புது சளி ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும்; எத்தனை நாள் தாமதம் இவ தாங்குவான்னு தெரிஞ்சா எனக்குச் சௌகரியம். ஆனா அப்போ தாமதமே இல்லையே."

அனுப்பிரியா நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஆனால் திறக்கவில்லை. கேஷவைப் பார்த்தாள்.

"அது எழுதினது சார்," என்றான் கேஷவ். "போட்டது வியாழக்கிழமை. சாயந்திரம் ஆறு இருபது. அதுக்குள்ள எண்பத்தஞ்சு வரைக்கும் இறங்கிட்டா."

மருத்துவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணின்னு பெற்றோரே உறுதி குடுத்திருக்காங்களே. இது யார் கையெழுத்து?"

ஸஹானா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னுதுதான் சார்," என்றான் கேஷவ். "பொய்க் கையெழுத்து."

மருத்துவர் அவனைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.